ஒரு நோயாளியின் கதையும் எண்ணூறு பேரின் கணக்கும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு விடியற்காலை பஸ்ஸில் ஏறினால், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் யார் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். துணிக்கடைப் பைக்குள் அடங்காமல் எக்ஸ்ரே கவர் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அரியாங்குப்பம் வருவதற்குள் அந்தப் பையை நாலு தடவை திறந்து, சீட்டெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். கொஞ்ச நாள் முன்பு அப்படி ஒரு பையிலிருந்து ஒரு தாள் என் கைக்கு வந்தது.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு தம்பி. எங்க வூட்டுக்காரரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறோம்னு சொல்றாங்க. என்ன ஊசி போட்டுப் பார்ப்பாங்களோன்னு பயமா இருக்கு."

படித்தேன். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. உங்கள் கணவருக்கு வந்தது அபூர்வமான நிலை, அதை மருத்துவ இதழில் எழுத விரும்புகிறோம், பெயரோ முகமோ வெளியே வராது, சம்மதமா என்று கேட்கிற தாள். ஆள் ஏற்கெனவே பிழைத்து, நடந்து, வீட்டில் இருக்கிறார். அன்றைக்கு மறுபரிசோதனை நாள். அவர் முன் சீட்டில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் டாக்டர் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிய ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. கொஞ்ச காலம் ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது ஆய்வுகளில் நோயாளிக்கு அநியாயம் நடக்காமல் பார்க்கும் குழுவில், வெளியாள் உறுப்பினராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்குப் பஸ்ஸில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஒரு நோயாளிக்கு நடந்ததை எழுதிவைக்கிற கேஸ் ரிப்போர்ட் என்பது வேறு, பலருக்குச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற ட்ரையல் என்பது வேறு. இரண்டுக்கும் "ஆராய்ச்சி" என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி பயம் அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் அந்தக் கணவரின் கதை. ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குக் காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுப்பவர். விடிகாலை நாலு மணிக்கு வயிற்று வலியும் வாந்தியுமாக எழுந்தார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஆறு மணிக்கு இரண்டு இமையும் தொங்கிவிட்டன, தூக்க முடியவில்லை. அப்புறம் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது நெஞ்சு சரியாக ஏறி இறங்கவில்லை. குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைத்தார்கள். உடம்பு முழுக்கத் தேடியும் கடிவாய் எதுவும் இல்லை.

சாயங்காலம் நிலைமை இன்னும் மோசம். கண்மணி விரிந்து நின்றுவிட்டது. டார்ச் அடித்தால் சுருங்கவில்லை, அழுத்திக் கிள்ளினால் விரல்கூட அசையவில்லை. இப்படி ஒருவரைப் பார்த்தால் மூளை செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

செய்தது கட்டுவிரியன். அது ராத்திரியில் நடமாடும் பாம்பு, பல் சின்னது. தூக்கத்தில் கடித்தால் பலருக்குத் தெரிவதே இல்லை, தடமும் இருக்காது. அதன் விஷம் நரம்பு தசையைத் தொடுகிற முனைகளைக் கெடுக்கிறது. மூளை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அதன் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. கம்பம் சாய்ந்த தெருவில் லைன் அறுந்து ஒரு வீட்டிலும் விளக்கு எரியாதபோதும் சப்ஸ்டேஷனில் கரன்ட் இருக்குமே, அந்த மாதிரி. கட்டுவிரியனைப் பொறுத்தவரை விஷமுறிவு மருந்து கொடுத்ததுமே கெட்டுப்போன முனைகள் சரியாகிவிடுவதில்லை. அவை திரும்ப வளர நாள் பிடிக்கும். அதுவரை மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மனிதரைக் காப்பாற்றியதில் வெண்டிலேட்டருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு எங்கோ, எப்போதோ யாரோ எழுதிவைத்த கேஸ் ரிப்போர்ட்டுகளுக்கும் உண்டு. மூளைச்சாவு போலவே தெரிந்து, சில நாளில் எழுந்து உட்கார்ந்த கட்டுவிரியன் நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பலர் இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். டியூட்டியில் இருந்த டாக்டர் அதைப் படித்திருந்தார். காத்திருக்கச் சொன்னார். சில நாள் கழித்துக் கால் கட்டைவிரல் அசைந்தது.

கேஸ் ரிப்போர்ட்டின் வேலை இதுதான்: ஒரு வார்டில் ஒருமுறை பார்த்ததை, பார்க்காத ஆயிரம் வார்டுகளுக்குக் கொண்டுபோவது. நோயாளி எப்படி வந்தார், முதலில் என்ன என்று நினைத்தார்கள், எங்கே தடுமாறினார்கள், என்ன செய்தார்கள், கடைசியில் என்ன ஆனது என்று நாள் வரிசையில் இருக்கும். 2013-இல் இதற்கென்று கேர் என்ற பெயரில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலே வந்தது. நல்ல கேஸ் ரிப்போர்ட் எது என்று என்னைக் கேட்டால், தடுமாறிய இடத்தை மறைக்காதது என்பேன். கண்டுபிடித்த பெருமையை மட்டும் எழுதினால் படிக்கிற இளம் டாக்டருக்குப் பிரயோஜனம் இல்லை. முதலில் வயிற்றுக்கோளாறு என்று நினைத்தோம் என்ற வரிதான் அவரைக் காப்பாற்றும்.

சில கேஸ்கள் பதிலைவிடக் கேள்வியையே பெரிதாகக் கொண்டுவரும். 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் லான்செட் இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். தாலிடோமைடு என்ற மருந்தைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குக் கை கால் ஊனத்துடன் குழந்தைகள் பிறப்பதைப் பார்க்கிறேன், வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா என்ற கேள்வியோடு கடிதம் முடிந்தது. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்ற மருத்துவரும் அதே காலத்தில் அதே சந்தேகத்தை எழுப்பியிருந்தார். உலகம் முழுவதும் அந்த மருந்து கடைகளிலிருந்து இறங்கியது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் வெளியான ஒரு வாரக் குறிப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இளைஞர்கள் 5 பேருக்கு வந்த வினோத நிமோனியா பற்றிச் சின்னதாக எழுதியிருந்தார்கள். எய்ட்ஸ் பற்றி மருத்துவ உலகில் அச்சான முதல் குறிப்பு அது. அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை.

சரி, ஒரு கேஸ் இவ்வளவு செய்யும் என்றால் ட்ரையல் எதற்கு?

நம் ஊர்க் கதையிலிருந்தே சொல்கிறேன். மஞ்சள் காமாலை என்றால் கடலூர், விழுப்புரம் பக்கத்தில் யாரும் முதலில் டாக்டரைத் தேட மாட்டார்கள். இன்ன ஊரில் இன்ன வீட்டில் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பார்கள், மூணு நாள், உப்பில்லாப் பத்தியம் என்று வழி சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் குடித்திருக்கிறோம். குடித்தவருக்கு இறங்கியது, நானே பார்த்தேன் என்று பத்துப் பேர் சாட்சி சொல்வார்கள். அந்தப் பத்துப் பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அசுத்தத் தண்ணீரால் வருகிற ஹெப்படைட்டிஸ் ஏ காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். இறங்கத் தொடங்கும் நேரத்தில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. குடித்தும் இறங்காதவர், ஈரல் செயலிழந்து போய்ச் சேர்ந்தவர் யாரும் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து சாட்சி சொல்வதில்லை.

இதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள், நம் சென்னையிலேயே. காமாலை இறங்குகிறதா என்று அல்ல, வேறொரு கேள்விக்காக. ஹெப்படைட்டிஸ் பி கிருமியை உடம்பில் நிரந்தரமாகச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துச் செய்த ஆய்வு 1988-இல் லான்செட்டில் வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மருத்துவத்தில் ஒரு தடவை நிரூபித்தால் போதாது, இன்னொருவர் இன்னொரு ஊரில் செய்தாலும் அதே விடை வர வேண்டும். கீழாநெல்லிமேல் எனக்குப் பாசம் உண்டு, ஆனாலும் கணக்கு இப்படித்தான் நிற்கிறது.

ஆக, ட்ரையலின் முதல் விதி, ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும் என்பது. இரண்டாவது விதிதான் மக்களுக்குப் பிடிக்காதது. யார் எந்தக் கூட்டத்தில் என்பதை டாக்டரும் முடிவு செய்யக்கூடாது, நோயாளியும் முடிவு செய்யக்கூடாது. ஏன்? டாக்டர் நல்லவராக இருப்பதுதான் பிரச்சினை. மூச்சு வாங்குகிற நோயாளியைப் பார்த்ததும் பாவம் இவருக்குப் புது மருந்தைக் கொடுப்போம் என்று மனசு சொல்லும். அப்படியே கொடுத்துக்கொண்டு போனால் புது மருந்துப் பக்கம் கஷ்டமான நோயாளிகளாகச் சேர்ந்துவிடுவார்கள். மருந்து நல்லதாக இருந்தும் தோற்றதாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் நடக்கலாம். அதனால் குலுக்கல்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம் அன்றைய மருத்துவத்தின் பெரிய நம்பிக்கை ஒன்றைச் சோதித்தது. காசநோய் வந்தால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்கு இன்றும் சானடோரியம் என்றுதான் பெயர். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீடு என்றால் நெரிசலான, அரை வயிற்றுச் சாப்பாட்டு வீடு. 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிற இன்றைய முறைக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் அது முக்கியமானது.

ஒற்றைக் கேஸிலிருந்து பெரிய ட்ரையல் வரை ஒரே நோயில் பார்க்க வேண்டுமானால் ஸ்க்ரப் டைபஸ் போதும். உண்ணிக் காய்ச்சல் என்றால் நம் பக்கத்தில் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து குளிர் தொடங்கும்போது வார்டுகளில் தலைகாட்டும். புதரிலும் வரப்பிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத அளவுக் குட்டிச் சிலந்திப்பேன் கடித்து வருவது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் கொல்லையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாகக் காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. எட்டாம் நாள் மூச்சுத் திணறல். உடம்பு துடைக்க வந்த சிஸ்டர் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்க்கிறார். பீடியால் சுட்டது போல, பட்டாணி அளவு. வலி இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. அது சிலந்திப்பேன் கடித்த இடம். ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றுக்கு அடியிலும் இருக்கும், அக்குளிலும் இருக்கும். கூச்சப்பட்டு யாரும் காட்டாத இடங்களாகப் பார்த்துத்தான் கடிக்கிறதோ என்று தோன்றும்.

அந்தப் பொருக்கைத் தேடு என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவை தனித்தனி நோயாளிகளைப் பற்றிய பதிவுகள்தான். ஆனால் நோய் முற்றி வந்தவருக்கு எந்த மருந்து என்ற கேள்விக்குப் பொருக்கு பதில் சொல்லாது. டாக்சிசைக்ளினா, அசித்ரோமைசினா, இரண்டுமா? ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பழக்கம். வேலூர் சிஎம்சி தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் சோதித்தன. 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது. கணக்கில் வந்தவர்கள் 794 பேர். இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் இம்மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்களை எண்ணினார்கள். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம். இரண்டும் சேர்ந்தது மேல் என்று தெரிந்தது. ஆனால் இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் முந்தியதை மட்டும் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இப்போது என் தொழில் புலம்பல் கொஞ்சம். குலுக்கல் முறை என்பதற்குப் படிவங்களில் சீரற்ற முறை என்று எழுதும் பழக்கம் இருந்தது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஒழுங்கில்லாமல் ஏனோதானோ என்று வைத்தியம் பார்ப்பார்கள் என்றுதானே? குலுக்கல் என்று நான் எழுதினேன். லாட்டரி மாதிரி இருக்கிறதே என்று கமிட்டியில் ஒரு டாக்டர் முகம் சுளித்தார். லாட்டரி மாதிரிதான் டாக்டர் என்றேன். அதைவிடப் பெரிய சங்கடம் போலி மருந்து. மருந்துச் சத்து இல்லாத, பார்க்க அதே மாதிரி இருக்கும் மாத்திரைக்கு அந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள். படிவத்தைச் சரிபார்க்க ஒரு பெரியவரிடம் படித்துக் காட்டினேன். "போலி மருந்து வித்தா போலீஸ் புடிக்குது. நீங்க தாளுல எழுதியே குடுக்கறீங்களே" என்றார். அன்றிலிருந்து மருந்தில்லாத மாத்திரை என்றே எழுதுகிறேன்.

அப்படிக் கொடுப்பது என்றால் நோயாளியைச் சும்மா விட்டுவிடுவது என்று பொருள் இல்லை. மேலே சொன்ன உண்ணிக் காய்ச்சல் ட்ரையலில் ஒற்றை மருந்துக் குழுவுக்கும் சரியான மருந்து ஒன்று போய்க்கொண்டுதான் இருந்தது. கூடவே மருந்தில்லாத ஒன்றையும் ஏற்றினார்கள். யாருக்கு ஒன்று, யாருக்கு இரண்டு என்று வார்டில் எவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக.

புதுச்சேரியில் இந்தத் தாள்கள் அதிகம் புழங்க ஒரு காரணம் இருக்கிறது. இங்கே மருத்துவம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஜிப்மருக்கு வேர். இப்போது அதைச் சுற்றிலும் மருத்துவக் கல்லூரிகள். மேல்படிப்பு மாணவர்கள் எல்லோரும் தீசிஸ் எழுத வேண்டும். அதனால் உங்கள் கைக்கு வருகிற தாள் பெரும்பாலும் ட்ரையலாக இருக்காது. கூடுதலாக ஐந்து மில்லி ரத்தம், ஒரு கேள்வித்தாள், அவ்வளவுதான்.

உண்மையான மருந்து ட்ரையல் என்றால் கட்டுப்பாடு கூடுதல். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது 7 பேர். அதில் ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாதாரண ஆள், ஒரு பெண் கட்டாயம். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாள்தான். ட்ரையலால் உடம்புக்குக் கெடுதி வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் முழுநேரமும் பக்கத்திலிருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 2009 ஜூனிலிருந்து ஒவ்வொரு ட்ரையலையும் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இப்படிப் பதிந்துவிட்டால் தோற்றுப்போன ட்ரையலை நடக்கவே இல்லை என்று மூடி மறைப்பது கஷ்டம். தாளில் அந்தப் பதிவு எண்ணைத் தேடுங்கள், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற எண்ணையும் தேடுங்கள். கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்களுக்குச் சேர வேண்டும். வேண்டாம் என்றாலும் சரி, நடுவில் விலகினாலும் சரி, வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக்கூடாது.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது பஸ் முதலியார்பேட்டை நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. கேர் பட்டியலில் நோயாளியின் பார்வை என்று ஓர் இடம் உண்டு. என் கண்ணில் பட்ட கேஸ் ரிப்போர்ட்டுகளில் அது பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதை நினைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்த அந்த நாட்களைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

அந்த அம்மா முன் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் காதுல விழுந்துச்சாம் தம்பி. எங்க அண்ணன் கட்டில் பக்கத்துல நின்னு, இனிமே செலவு பண்றது வேஸ்ட்டுன்னு பேசினாரு. அதுவும் விழுந்திருக்கு."

"அதைத்தாம்மா எழுதச் சொல்லணும். படிக்கிற டாக்டருங்க நோயாளி பக்கத்துல பார்த்துப் பேசுவாங்க."

"அய்யய்யோ. அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"பேரு போட மாட்டாங்கம்மா."

"பேரு போடாட்டி என்ன? செத்துப் பொழைச்சவர்னா எங்க ஊர்ல இவரு ஒருத்தர்தானே."

எத்திக்ஸ் கமிட்டியில் எத்தனையோ கூட்டம் உட்கார்ந்தவன் நான். அதற்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கேள்வியை அப்படியே டாக்டரிடம் கேளுங்கள், அதற்கப்புறம் கையெழுத்துப் போடலாம் என்றேன். அவர் தாளை நாலாக மடித்து எக்ஸ்ரே கவருக்குள் வைத்துக்கொண்டு, கணவரைத் தட்டி எழுப்பினார்.